காரணம் எழுதும் கட்டம்

போன மாதம் எங்கள் சைட் ஆபீஸில் மனநலக் கூட்டம் ஒன்று நடந்தது. ஹெட் ஆபீஸ் உத்தரவு. 'மனம் விட்டுப் பேசுங்கள்' என்று துணியில் அச்சடித்து இரண்டு கழிகளில் கட்டி நிறுத்தியிருந்தார்கள். ஆளுக்கு ஒரு சமோசா, ஒரு டீ. சென்னையிலிருந்து வந்திருந்த பெண் மைக்கைப் பிடித்து, "உங்க கதையை நீங்க சொன்னாத்தான் பக்கத்துல இருக்கிறவருக்கும் தைரியம் வரும்" என்றாள். நல்ல பெண். சொன்னதும் சரிதான். நான்தான் சமோசாவைக் கடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். இதையே ஒரு மனிதர் இதே வாசலில், துணியும் சமோசாவும் இல்லாமல், எட்டு வருஷத்துக்கு முன்னால் செய்துகாட்டினார். அவரை என்ன செய்தோம் என்று எனக்குத் தெரியும். செய்தவர்களில் முதல் ஆள் நான்.

சுரங்கத்தில் பெல்ட் பராமரிப்பைக் கான்ட்ராக்ட் எடுத்திருந்த கம்பெனி எங்களுடையது. பெயர் எதற்கு, இதற்குள் இரண்டு தடவை பெயர் மாற்றிக்கொண்டுவிட்டது. நான் அங்கே கிளார்க். என் வீட்டுக்காரர் அதே கம்பெனியில் வெல்டராக இருந்து மாரடைப்பில் போனபிறகு, பாவம் பார்த்து எனக்குக் கொடுத்த நாற்காலி. நான் சொல்லவந்த அந்த மனிதர் பெல்ட் ஆள். வெட்டிய கரியையும் மண்ணையும் மைல் கணக்கில் சுமந்து ஓடும் ரப்பர் பட்டைதான் பெல்ட். அதன் ஓரமாக நடந்து, உருளைகள் ஒழுங்காகச் சுற்றுகின்றனவா, சத்தம் மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டே போவது அவர் வேலை. நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லி. ஹெல்மெட்டைப் பஸ்ஸிலும் கழற்ற மாட்டார். சாப்பாட்டுத் தூக்கைச் சாப்பிடுவதற்கு முன்னால் ஒரு முறை, பின்னால் இரண்டு முறை கழுவுவார். அவர் பிறந்த ஊர் இப்போது சுரங்கத்துக்குள் இருந்தது. பெரிய குழியின் நடுவில் வெறும் காற்றைக் கைகாட்டி, "அதோ, அந்த உசரத்துலதான் எங்க வூடு இருந்துச்சி" என்பார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் புலம்பல் இருக்காது. இடம் காட்டுவது அவருடைய பழக்கம், அவ்வளவுதான்.

எதையும் நேரத்தோடும் இடத்தோடும்தான் சொல்வார். அது எங்கள் காலைக் கூட்டத்திலிருந்து அவருக்கு ஒட்டிக்கொண்டது. முதல் ஷிஃப்ட் ஆட்கள் கீழே இறங்குவதற்கு முன்னால் ஆபீஸ் வாசலில் பத்து நிமிஷம் நிற்க வேண்டும். முப்பது பேர். கையை நீட்டிப் பாதுகாப்பு உறுதிமொழி. அப்புறம் யாராவது ஒருவர் 'நியர் மிஸ்' சொல்ல வேண்டும். நியர் மிஸ் என்றால் நடக்காமல் தப்பிய விபத்து. நேற்று கல் விழுந்தது, யார் தலையிலும் விழவில்லை என்பதுபோல. அதை நான் ஒரு படிவத்தில் ஏற்றுவேன். நேரம், இடம், நடந்தது என்ன, காரணம், இனி என்ன செய்யலாம் என்று ஐந்து கட்டங்கள். மாதத்துக்கு இத்தனை படிவம் போயாக வேண்டும் என்பதால் ஆட்கள் வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள். போல்ட் கிடந்தது, எடுத்துப் போட்டேன். எண்ணெய் சிந்தியிருந்தது, மண் போட்டேன். நானும் போன மாதத்துப் படிவத்தைப் பார்த்துத் தேதியை மட்டும் மாற்றி ஏற்றுவேன்.

அவர் ஒருத்தர்தான் அந்தப் படிவத்தை நம்பினார்.

"மணி ஏழு இருவது. கேன்டீன் வாசப்படி. சாம்பார் சிந்திக் கெடந்துது. நான் வழுக்கி, தூணைப் புடிச்சிக்கினேன். காரணம், தூக்குக்கு மூடி போடல. தூக்கு என்னுதுதான்." இப்படி. எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். தப்பைத் தன்மேல் போட்டுச் சொன்னால்தான் அது நியர் மிஸ், அடுத்தவன்மேல் போட்டால் அது கோள் மூட்டுவது என்று ஒரு சட்டம் வைத்திருந்தார்.

ஒருநாள் காலை உறுதிமொழி முடிந்ததும் கையைத் தூக்கினார். "நேத்து ராத்திரி எட்டு மணி. எங்க வூட்டு சமையல்கட்டு. சம்சாரத்துமேல கை ஓங்கிட்டேன். அடிக்கல. காரணம், ரெண்டு நாளா மாத்திரை போடல."

"என்ன மாத்திரைண்ணா?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான்.

"மனசுக்கு. கடலூர்ல டாக்டர்கிட்ட பாத்துக்கினு இருக்கேன். ஆறு வருசமா."

அப்புறம் ஒருவன் குபுக்கென்று சிரித்தான். அவனைத் தொட்டு எல்லோரும் சிரித்தார்கள். அவர் கோபப்படவில்லை. "சிரிங்க. உங்க வூட்ல கை ஓங்கற அன்னிக்கி இது ஞாபகம் வரும், அது போதும்" என்றார். வீட்டு விஷயம் படிவத்தில் வராது என்று இன்சார்ஜ் சொல்லிவிட்டார். "வூட்ல கெட்டுப்போற தலையதான் சார் நான் வேலைக்குத் தூக்கிக்கினு வர்றேன்" என்று பதில் சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார்.

அதற்கப்புறம் ஒரு வேடிக்கை நடந்தது. கூட்டத்தில் சிரித்தவர்கள் ஒவ்வொருவராக, சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவரைத் தேடிப் போக ஆரம்பித்தார்கள். என் ஜன்னலுக்கு நேர் எதிரே அந்த ஸ்டாண்டு. முதலில் சிரித்தவனே முதலில் போனான். கிரேன் ஓட்டும் ஆள் ஒருவர், மீசை மட்டும் அரைக் கிலோ இருக்கும், அவர் தோளில் முகத்தை வைத்துக் குலுங்கியதைப் பார்த்தேன். நாலு பேராவது போனார்கள். யார் என்ன சொன்னார்கள் என்று அவர் வாயிலிருந்து ஒருநாளும் வரவில்லை. ஊருக்கெல்லாம் கேட்கிற மாதிரி அவர் சொன்னது தன் கதையை மட்டும்தான்.

ஐந்தாவதாக நான் போனேன் என்றுகூடச் சொல்ல முடியாது. அவர்தான் வந்தார். நான் மதியம் மாத்திரை போட்டுக்கொள்ளும் நேரம் பார்த்து, லீவு லெட்டரோடு மேஜைக்கு முன்னால் நின்றார். கால்சியம் என்று ஒட்டியிருந்த டப்பாவையும் என் உள்ளங்கையையும் பார்த்தார்.

"கால்சியம் மாத்திரை இவ்ளோ சின்னதா வராதும்மா" என்றார்.

நான் டப்பாவைச் சட்டென்று மேஜை அறைக்குள் தள்ளினேன். வீட்டுக்காரர் போனபிறகு, குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தவள் நான். சுரங்க டவுன்ஷிப் ஆஸ்பத்திரிப் பக்கம் போனால் நாங்கள் குடியிருக்கும் மந்தாரக்குப்பம் முழுக்கத் தெரிந்துவிடும் என்று, அக்கா வீட்டுக்குப் போவதாகச் சொல்லிக் கடலூருக்கு பஸ் ஏறி மருந்து வாங்கிக்கொண்டிருந்தேன். என் வீட்டுச் சொந்தக்காரிக்குத் தெரியாது. என் அம்மாவுக்கே தெரியாது.

"அண்ணா, யார்கிட்டயும்..." என்றேன்.

"உன் கதைய நான் எதுக்கும்மா சொல்லப் போறேன். அது உன்னுது. ஒருநாளு நீயே சொல்லுவே" என்று லெட்டரை வைத்துவிட்டுப் போனார்.

இப்போது அந்தக் கயிறு.

பெல்ட்டுக்குப் பக்கத்தில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, இடுப்பு உயரத்தில் ஒரு கயிறு ஓடும். ஆபத்து என்று பட்டால் யார் வேண்டுமானாலும் எந்த இடத்திலும் அதை இழுக்கலாம். பெல்ட் நின்றுவிடும். இழுத்தவனைத் திட்டக் கூடாது என்பது விதி. திட்டுவார்கள், அது வேறு. ஒருநாள் முற்பகலில் பெல்ட் நின்றது. வாக்கிடாக்கியில் ஒரே கத்தல். போய்ப் பார்த்தவர்கள், எல்லாம் சரியாக இருக்கிறது, இவர் மட்டும் கயிற்றை இழுத்துவிட்டுத் தள்ளிப் போய் ஒரு மண்மேட்டில் உட்கார்ந்திருக்கிறார் என்றார்கள். தண்ணீர் கேட்டாராம். குடித்துவிட்டு, "நாளைக்குக் காலைல சொல்றேன்" என்றாராம்.

மறுநாள் சொன்னார். மனப்பாடம் செய்துகொண்டு வந்தவர்போல் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"மணி பத்து நாப்பது. மூணாம் நம்பர் பெல்ட். நான் நடந்துகினு இருக்கேன். போதும், செத்துடலாம்னு ஒரு நெனப்பு வந்துச்சி. முன்னாடியும் வந்துருக்கு. நேத்து ரொம்ப கிட்ட வந்துச்சி. கயித்தை இழுத்தேன். பெல்ட் நின்னுது. தள்ளிப் போயி உக்காந்துக்கினேன். போயிடுச்சி. காரணம், எனக்கு இருக்கற வியாதி. இனிமே என்ன செய்யலாம்னா, இந்த மாதிரி வந்தா எவனா இருந்தாலும் கயித்தை இழுங்க. வெக்கப்படாதீங்க. அது வேலை செய்யுது. நான் இழுத்துப் பாத்துட்டேன்."

அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. முப்பது பேரும் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்தக் கூட்டத்தில் அதற்கு முன்னாலும் பின்னாலும் அதைவிட உண்மையான நியர் மிஸ் ஒன்றை நான் கேட்டதில்லை. பதினைந்து நாளில் அவருக்குக் 'கயிறு' என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள் என்பதும் உண்மை.

படிவத்தை எடுத்தேன். நேரம் ஏற்றினேன், இடம் ஏற்றினேன். நடந்தது என்ன என்ற கட்டத்தில் 'பெல்ட் நிறுத்தப்பட்டது' என்று ஏற்றினேன். காரணம் எழுதும் கட்டத்தில் கை நின்றது. அவர் சொன்னதை அப்படியே எழுதினால் இந்த மனிதர் கதி என்ன என்று நினைத்தேன். பெண்டாட்டி, பிள்ளைகள், மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு. அண்ணன் என்று கூப்பிடுகிறோமே, ஒரு நல்லது செய்வோம் என்று 'தலைச்சுற்றல்' என்று எழுதினேன். எழுதிவிட்டு நிம்மதியாக மூச்சுவிட்டேன். அந்த நிம்மதியை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு என்னைப் பிடிக்காமல் போகிறது.

மாலையில் அவர் வந்து எட்டிப் பார்த்தார். "நான் சொன்னபடிதானம்மா எழுதினே? அழகு பண்ணலியே?"

"அப்படியேதான் எழுதினேண்ணா" என்றேன்.

தலைச்சுற்றல் என்றால் என்னவென்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. ஓடுகிற மிஷினுக்குப் பக்கத்தில் தலைச்சுற்றல் உள்ளவன் நிற்கவே கூடாது. ஹெட் ஆபீஸில் படிவத்தைப் பார்த்தவர்கள் அந்த ஒரு வார்த்தையைச் சிவப்பில் வட்டமிட்டு, அவருடைய கேட் பாஸை நிறுத்திவைத்து, மெடிக்கலுக்கு அனுப்பச் சொன்னார்கள். கேட் பாஸ் இல்லாதவன் சுரங்கத்துக்குள் கால்வைக்க முடியாது. கம்பெனி டாக்டர், எத்தனை நாளாகத் தலை சுற்றுகிறது என்று கேட்டிருக்கிறார். இவர், எனக்குத் தலையே சுற்றவில்லை, நான் சொன்னது வேறு என்று மறுபடியும் ஆதியோடு அந்தமாகச் சொல்லி, கடலூர் டாக்டர் கொடுத்த லெட்டரையும் நீட்டியிருக்கிறார். மாத்திரை ஒழுங்காகப் போட்டுக்கொண்டால் வேலை பார்க்கலாம் என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. ஆனால் படிவம் ஒன்று சொல்கிறது, ஆள் ஒன்று சொல்கிறார். விசாரணை வைத்தார்கள்.

விசாரணை எங்கள் ஆபீஸில்தான். நாற்காலி போட்டு மூன்று பேர் உட்கார்ந்தார்கள். அவர் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, அதன் வாரை நகத்தால் சுரண்டியபடி ஓரமாக உட்கார்ந்திருந்தார். கூட்டத்தில் நின்ற முப்பது பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அன்று அவர் என்ன சொன்னார்?

"சரியா காதுல வுழல சார்."

"நான் கடைசியில நின்னேன் சார்."

"பெல்ட் சத்தம் சார், ஒண்ணும் கேக்கல."

அந்த வாசலுக்குப் பெல்ட் சத்தம் வரவே வராது. கிரேன் ஓட்டும் மீசைக்காரர், அவர் தோளில் முகம்வைத்து அழுதவர், சுவரைப் பார்த்துக்கொண்டு "காதுல வுழல" என்றார். கேட்டது என்று சொன்னால் நீ ஏன் அன்றே எழுதிக் கொடுக்கவில்லை என்பார்கள், நீயும் அவனும் ஸ்டாண்டுக்குப் பின்னால் நின்று என்ன பேசினீர்கள் என்பார்கள். எல்லோருக்கும் பாஸ் இருந்தது, எல்லோருக்கும் வீடு இருந்தது. அவர்களைத் திட்ட எனக்கு வாய் கிடையாது. கடைசியாக என்னைக் கூப்பிட்டார்கள்.

"நீங்கதானே ஏத்துனது? தலைச்சுற்றல்னுதான் சொன்னாரா?"

படிவத்தைத் திருத்தினேன் என்றால் வேலை போகும். ஏன் திருத்தினாய் என்று கேட்பார்கள். பதில் சொல்லச் சொல்ல அது என் கால்சியம் டப்பா வரைக்கும் போகும். "ஆமா சார்" என்றேன்.

அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அந்த நேரத்தில் அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். இந்தப் பொம்பளையும் மனசுக்கு மாத்திரை போடுகிறாள், பயத்தில் பொய் சொல்கிறாள் என்று சொல்லியிருந்தால் நான் அன்றைக்கே முடிந்தேன். அவர், "நான் சொன்னது அது இல்ல சார். ஆனா தங்கச்சிமேல நான் எதுவும் சொல்ல வரல" என்றார். அவ்வளவுதான்.

ஒருநாள் சொன்னதை மறுநாள் மாற்றிச் சொல்கிறார், தன் வாயால் சொன்னதே நினைவில்லை, ஓடும் இயந்திரங்களுக்கு அருகில் இவரை நம்ப முடியாது என்று எழுதினார்கள். அதை டைப் அடித்தவளும் நான்தான். பாஸ் ரத்தானது. நான் உள்ளபடி எழுதியிருந்தால் பாஸ் பிழைத்திருக்குமா என்று என்னை நானே எத்தனையோ தடவை கேட்டுக்கொண்டாயிற்று. பிழைக்காமலும் போயிருக்கலாம். ஆனால் அவர் சொன்னதற்காகப் போயிருக்கும். எங்கள் சைட்டிலேயே பொய் சொல்லத் தெரியாத ஒரே ஆளைப் புத்தி பேதலித்த பொய்யனாக்கி அனுப்பிவைத்தோம்.

அப்புறம் அவருக்கு டவுன்ஷிப்பில் தோட்ட வேலை கான்ட்ராக்டில் இடம் கிடைத்தது. பிளாக் பிளாக்காகப் போய்ச் செடிக்குத் தண்ணீர் விடுவது, வேலி வெட்டுவது. ஷிஃப்ட் பஸ் நிற்கும் இடத்தில் பைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஹெல்மெட் மட்டும் தலையில் இருக்கும். பஸ்ஸுக்கு நிற்கிறவர்களிடம், "மணி பத்து நாப்பது, மூணாம் நம்பர் பெல்ட்" என்று ஆரம்பிப்பார். பழைய ஆட்கள் அடுத்த ஸ்டாப்புக்கு நடந்து போய் ஏறினார்கள். நானும் நடந்தேன்.

மூன்று வருஷம் கழித்து ஒரு சனிக்கிழமை, கடலூரில் என் டாக்டரின் வரிசையில் டோக்கனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிர் பெஞ்சில் அவர். எனக்கு ஓடிப்போகத்தான் தோன்றியது. அதற்குள் அவர் எழுந்துவந்து, நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்தார். தலையில் ஹெல்மெட் இல்லை. முடி முழுக்க வெளுத்திருந்தது.

"தூக்கம் வருதாம்மா?" என்றார்.

"வருதுண்ணா."

"மாத்திரையை நிறுத்திடாதே. நல்லா ஆயிட்டாப்ல இருக்கும், அப்பத்தான் நிறுத்தத் தோணும்."

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. அவர் டோக்கன் நம்பரைக் கூப்பிட்டார்கள். எழுந்தவர் குனிந்து, மெதுவாக, "நம்ம சைட்டு ஆளு ஒருத்தன் வெளியில பஸ் ஸ்டாப்புல நிக்கறான். பாத்துட்டுக் கேட்டான்னா தலைச்சுத்தல்னு சொல்லிடும்மா" என்றார். குத்திக்காட்டினாரா, காப்பாற்றினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. முகத்தில் ஒன்றும் இல்லை. அதுதான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது. பிறகு நெல்லிக்குப்பம் பக்கம் மச்சான் வீட்டோடு போய்விட்டதாகச் சொன்னார்கள்.

போன மாதக் கூட்டத்துக்கு வருகிறேன். சென்னைப் பெண் மைக்கை நீட்டி, "யாராவது ஒருத்தர்?" என்றாள். முப்பது பேர் இருந்தோம். எல்லோரும் காலைப் பார்த்தார்கள். அந்தக் கால் பார்க்கும் பார்வை எனக்குப் பழக்கம். நான் எழுந்துவிட்டேன்.

நேரமும் இடமும் வைத்தே ஆரம்பித்தேன். எனக்கு வேறு மாதிரி சொல்லத் தெரியவில்லை. குளியலறைக் குழாயைச் சொன்னேன். கால்சியம் டப்பாவைச் சொன்னேன். பத்து வருஷமாக மனநோய்க்கு மாத்திரை போடுகிறேன், போட்டுக்கொண்டேதான் உங்கள் சம்பளச் சீட்டையெல்லாம் தப்பில்லாமல் அடிக்கிறேன் என்றேன். அவர் படிவத்தில் நான் எழுதியதையும், விசாரணையில் ஆமா சார் என்றதையும் சொன்னேன். சென்னைப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கை தட்டினாள். அவள் தட்டியதால் நாலு பேர் தட்டினார்கள்.

மறுநாள் கூட்டத்தின் அறிக்கை கையெழுத்துக்கு வந்தது. அடித்தவள் எனக்குக் கீழே புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண். நல்ல மாதிரி, எனக்கு டீ வாங்கி வைத்துவிட்டுத்தான் தான் குடிப்பாள். 'மூத்த பணியாளர் ஒருவர் தனக்கு ஏற்பட்ட உடல் சோர்வு குறித்தும், பழைய பணி அனுபவங்கள் குறித்தும் பகிர்ந்துகொண்டார்' என்று இருந்தது.

"நான் இப்படியா பேசினேன்?" என்றேன்.

அவள் கதவுப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "உங்க நல்லதுக்குத்தான் மேடம். ரிட்டயர்மெண்டுக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கே."

அவள்மீது எனக்குக் கோபம் வரவில்லை. அந்த முகத்தில் இருந்த நிம்மதி என்னுடையது. பேனாவை எடுத்து உடல் சோர்வை அடித்துவிட்டு, அதன்மேல் நான் சொன்னதைச் சொன்னபடி எழுதி, விசாரணையில் பொய் சொன்னேன் என்பதையும் எழுதி, கையெழுத்துப் போட்டேன். அந்தப் பெண்ணுக்கு முகம் வெளுத்துவிட்டது.

நேற்று இன்சார்ஜ் கூப்பிட்டார். என் கேட் பாஸை நிறுத்திவைத்திருக்கிறார்கள். வியாழக்கிழமை விசாரணை. அச்சில் ஒன்றும் கையெழுத்தில் ஒன்றுமாக இருப்பதால், கூட்டத்தில் இருந்தவர்கள் எல்லோரையும் கூப்பிட்டு, மேடம் உண்மையில் என்ன பேசினார் என்று கேட்கப் போகிறார்களாம். "எல்லாருக்கும் கேட்டிருக்கும்ல மேடம், ஏன் பயப்படுறீங்க" என்றார் அவர், நல்ல மனதோடுதான்.

கேட்டிருக்கும். இவர்களுக்குக் காதில் ஒரு குறையும் இல்லை. அன்றைக்கு எனக்கும் நன்றாகத்தான் கேட்டது.